மான்கொம்பும் ஆட்டுக்காலும்: ஏற்காட்டில் இரண்டு பெரணிகளின் கதை

(ஒலிவடிவத்தைக் கேட்க நேரமில்லாதவர்களுக்காக, லேசாகத் திருத்திய எழுத்து வடிவம்.)

போன எபிசோட் முடியும்போது, "அடுத்தது ஒரு செடியைப் பத்தி"ன்னு சொன்னேன். "நீ எப்போடா செடி வளக்க ஆரம்பிச்ச?"ன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. நியாயமான கேள்விதான். முதல் செடியை நான் வளக்கல, கொன்னேன். அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சென்னையில வேலை பாத்துக்கிட்டு, ஒரு ரெண்டாவது மாடி ஃபிளாட்ல இருந்தேன். இன்ஸ்டாகிராம்ல ஒரு படம் பாத்தேன். சுவர்ல ஒரு மரப்பலகை, அதுல மான் தலையை மாட்டி வச்ச மாதிரி ஒரு செடி. மண் இல்ல, தொட்டி இல்ல. ஸ்டாக்ஹார்ன் ஃபெர்ன், தமிழ்ல சொன்னா மான்கொம்புப் பெரணி. அதுலயும் அது கலப்பினம்னு போட்டிருந்தாங்க. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணேன். விலையை இன்னும் எங்க அம்மாகிட்ட சொல்லல, இங்கயும் சொல்ல மாட்டேன்.

வந்து மூணாவது வாரம், செடியோட அடியில பலகையை ஒட்டி இருந்த வட்டமான இலை பழுப்பாச்சு. காஞ்சுபோச்சுன்னு நினைச்சு பிச்சு எடுத்துட்டேன். கொம்பு மாதிரி இருந்த இலைகள் மேல வெள்ளையா தூசி படிஞ்சிருந்துச்சு, ஈரத்துணியால துடைச்சேன். தினமும் காலையில காபிக்கு முன்னாடி தண்ணி ஊத்தினேன். ரெண்டு மாசத்துல நடு மொட்டு அழுகி, செடி கையோட வந்துடுச்சு.

அந்த மூணுமே தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அந்த மூணு தப்புக்குள்ளயும் இந்தச் செடி எப்படி வாழுதுங்கிற முழுக்கதையும் இருக்கு. அந்தக் கதை என்னை ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு. அங்க போனா, எங்க வீட்டு அடுப்புல கொதிச்சுக்கிட்டிருந்த இன்னொரு பெரணி எதிர்ல வந்து நின்னுச்சு.

இலை இல்ல, கூடை

மான்கொம்புப் பெரணி மண்ணுல வளர்ற செடி இல்ல. காட்டுல மரத்தோட தண்டுலயும் கிளையிலயும் ஒட்டி வளரும். ஒட்டுண்ணி கிடையாது, மரத்துகிட்டேர்ந்து சாறு உறிஞ்சாது. உக்கார இடம் மட்டும்தான் கேக்குது. அப்போ சாப்பாடு? தண்ணி?

அதுக்குத்தான் ரெண்டு வகை இலை. ஒண்ணு, கொம்பு மாதிரி பிரிஞ்சு நீளுற பச்சை இலை. அதோட நுனியில பழுப்பா பட்டை பட்டையா வர்றது நோய் இல்ல, ஸ்போர். அதாவது வித்துத்தூள். இன்னொண்ணு, மரத்தை அணைச்சுக்கிட்டு வளர்ற கவச இலை. இது கொஞ்ச நாள் பச்சையா இருந்து பழுப்பாகும், ஆனா உதிராது. அதுக்கு மேல அடுத்த கவச இலை, அதுக்கு மேல இன்னொண்ணுன்னு அடுக்கடுக்கா சேரும். மேலேர்ந்து விழுற சருகு, தூசி, மழைத்தண்ணி எல்லாம் அந்த அடுக்குல தங்கி மக்கும். செடி தன் வேரை அதுக்குள்ள விட்டுச் சாப்பிடும். தன்னோட தொட்டியையும் உரத்தையும் தானே செஞ்சுக்குற செடி அது. நான் பிச்சு எறிஞ்சது செத்த இலையை இல்ல, அந்தச் செடியோட சமையலறையை.

துடைச்சேன்னு சொன்னேன்ல, அந்த வெள்ளைத் தூசி? அது தூசியே இல்ல. நட்சத்திர வடிவத்துல இருக்குற நுண்ணிய ரோமம். வெயிலோட கடுமையைக் குறைச்சு, இலையிலேர்ந்து தண்ணி வேகமா ஆவியாகாம பாத்துக்கும். துடைச்சா திரும்ப வராது.

இதுல இன்னொரு ஆச்சரியம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவுல லார்ட் ஹவ்னு ஒரு குட்டித் தீவு இருக்கு. அங்க வளர்ற மான்கொம்புப் பெரணிக் கூட்டங்களைப் பத்தி 2021ல ஒரு ஆய்வு வந்தது. ஒரே கூட்டத்துல மேல இருக்குற செடிகளும் கீழ இருக்குற செடிகளும் ஒரே மாதிரி இல்ல. மேல இருக்குறது மழைத்தண்ணியை நடுவுக்குத் திருப்பி விடுது, கீழ இருக்குறது அதை உறிஞ்சி வைக்குது. தேனீ, எறும்பு மாதிரி செடியும் வேலையைப் பிரிச்சுக்குதான்னு அந்த ஆய்வு கேக்குது. கேள்விக்குறியோடதான் அவங்களே தலைப்பு வச்சாங்க, நானும் அதே கேள்விக்குறியோட விட்டுடறேன்.

பேரு வச்சவங்க

இப்போ வரலாற்றுக்கு வருவோம். நம்ம வீட்டு அலங்காரத்துல அதிகமா பாக்குற மான்கொம்பு, கிழக்கு ஆஸ்திரேலியாப் பக்கத்துச் செடி. 1799ல ஸ்பெயின் தாவரவியலாளர் கவனில்லெஸ், 'இரண்டாகப் பிரிந்தது'ன்னு பொருள்படுற மாதிரி 'பைஃபர்கேட்டம்'னு அதுக்குப் பேர் வச்சார். 1827ல பிரெஞ்சுக்காரர் தேவோ இந்த வகைக்கெல்லாம் சேத்து 'பிளாட்டிசீரியம்'னு ஒரு பேரினத்தை உருவாக்கினார். கிரேக்கத்துல 'அகலக் கொம்பு'ன்னு அர்த்தம். இன்னைக்கு அதுல சுமார் 18 இனங்கள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியான்னு பரவியிருக்கு. அமெரிக்கக் கண்டங்கள்ல ஒண்ணே ஒண்ணு, பெரு, பொலிவியா பக்கம். இந்தியாவுலயும் ஒண்ணே ஒண்ணுதான், மணிப்பூர்ல மியான்மர் எல்லையை ஒட்டி. அது பேரு பிளாட்டிசீரியம் வாலிச்சி. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை 30 வருஷம் போல நடத்தின டென்மார்க்காரர் நதானியல் வாலிச்சோட பேரு.

இந்தப் பேர்களைக் கொஞ்சம் கவனிங்க. 'ஹில்லி', பிரிஸ்பேன் தோட்டத்தோட முதல் கண்காணிப்பாளர் வால்டர் ஹில். 'வீட்ச்சி', இங்கிலாந்தோட பெரிய நர்சரிக் குடும்பம். 'ரிட்லி', சிங்கப்பூர் தோட்டத்துல இருந்த ஹென்றி ரிட்லி. மரத்துல ஏறி செடியை இறக்கினவங்க பேரு எந்த லேபிள்லயும் இல்ல.

இத்தனை செடியும் கடல் தாண்டினது எப்படி? அதுக்குக் காரணம் ஒரு கண்ணாடிப் பெட்டி. 1829ல லண்டன்ல நதானியல் வார்டுங்கிற டாக்டர், ஒரு அந்துப்பூச்சியோட கூட்டுப்புழுவை மூடின பாட்டிலுக்குள்ள ஈரமண்ணுல வச்சார். பூச்சியை எதிர்பாத்துக்கிட்டிருந்தவருக்கு மண்ணுலேர்ந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைச்சது தெரிஞ்சது. லண்டன் புகையில வெளிய எந்தப் பெரணியும் அவருக்கு உருப்படல, ஆனா பாட்டிலுக்குள்ள நல்லா வளந்துச்சு. 1833ல இதே மாதிரி மூடின கண்ணாடிப் பெட்டிகள்ல செடிகளை வச்சு சிட்னிக்குக் கப்பல்ல அனுப்பினார், உயிரோட போய்ச் சேந்துச்சு. அதே பெட்டியில ஆஸ்திரேலியச் செடிகள் திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம் உலகத்தோட விவசாயமே இடம் மாறிப்போச்சு. சீனாவிலேர்ந்து இந்தியாவுக்குத் தேயிலை, தென் அமெரிக்காவிலேர்ந்து நம்ம நீலகிரிக்கு சின்கோனா, எல்லாம் இந்த வார்டியன் பெட்டியிலதான் பயணம் பண்ணுச்சு. இங்கிலாந்துல ஒரு பெரணிப் பைத்தியமே பிடிச்சது. 1855ல சார்லஸ் கிங்ஸ்லிங்கிற எழுத்தாளர் அதுக்கு 'டெரிடோமேனியா'ன்னு பேரே வச்சார்.

அந்தக் காத்து சென்னை மாகாணத்துலயும் அடிச்சது. ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம்னு ஒரு ராணுவ அதிகாரி, பின்னாடி மாகாணத்தோட வனத்துறைத் தலைவரா ஆனவர், தென்னிந்தியப் பெரணிகளைப் பத்தி 1863-64ல சென்னையிலேயே படத்தோட புத்தகம் போட்டார். மலையில அலையுற ஆள். சேர்வராயன் மலையிலேர்ந்து கிடைச்ச ஒரு மண்பாம்பைக்கூட இவர்தான் விவரிச்சுப் பேர் வச்சார்.

ஏரியும் காடும்

எங்க ஊர் சேலம். காலேஜ் நாட்கள்ல ஏற்காடுன்னா எங்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, பைக், மிளகாய் பஜ்ஜி, அவ்ளோதான். ஏரி, காடு, ரெண்டும் சேந்து ஏற்காடு. கடல்மட்டத்துலேர்ந்து சுமார் 1500 மீட்டர். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் இங்க காபியைக் கொண்டுவந்து நட்டார். கூடவே பழமரங்களும். அவர் ஆரம்பிச்ச கிரேஞ்ச் எஸ்டேட் பேரை ஏற்காடு போனவங்க கேள்விப்பட்டிருப்பீங்க.

காபிக்கு நிழல் வேணும். காலப்போக்குல நிழலுக்குன்னு எஸ்டேட் முழுக்க வந்து நின்ன மரம் சில்வர் ஓக். வேகமா வளரும், நேரா போகும், மிளகுக்கொடி ஏத்தலாம், கடைசியில மரத்தை விக்கலாம். எத்தனையோ தடவை அந்த மரத்தடியில உக்காந்திருக்கேன், அது நம்ம ஊர் மரம்னுதான் நினைச்சேன். அதுவும் கிழக்கு ஆஸ்திரேலியா மரம்தான்.

என் செடி செத்ததுக்கு அப்புறம் ஒரு நாள், ஏற்காட்டுல ஒரு நண்பன் வீட்டுக்குப் போனேன். அவங்க அப்பா எஸ்டேட்டுல ரைட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். வாசல்ல நின்ன சில்வர் ஓக் தண்டுல, தரையிலேர்ந்து என் உயரத்துக்கு, மான்கொம்பு கூட்டமா படர்ந்திருந்துச்சு. என் பலகையில செத்த செடியெல்லாம் அதுக்கு முன்னாடி குழந்தை.

"அங்கிள், இதுக்கு என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்ல தம்பி. அதான் நல்லா இருக்கு."

கிழக்கு ஆஸ்திரேலியாவுல பிறந்த ஒரு மரம், அதே பகுதியில பிறந்த ஒரு பெரணி. ரெண்டும் வெவ்வேற காரணத்துக்காகக் கடல் தாண்டி, சேலம் மாவட்டத்துல ஒரு வீட்டு வாசல்ல சேந்து நிக்குது.

அங்கிள் ஒரு கத்தியை எடுத்தாரு. கூட்டத்தோட ஓரத்துல, தனியா கவச இலை விட்டிருந்த ஒரு குட்டிச் செடியை, பின்னாடி இருக்குற மக்கோட சேத்து அறுத்து, வாழைச்சருகுல சுத்திக் கொடுத்தாரு. "இது வெறும் மான்கொம்பு இல்ல, கலப்பு. என் சினேகிதர் ஒருத்தர் கொடுத்தது. ஜாவா ஜாதியும் இதுவும் கலந்ததுன்னு எழுதிக் கொடுத்தாரு"ன்னு சொல்லி, பழைய டைரியில இருந்த சீட்டைக் காட்டினாரு. 'வில்லிங்கி × பைஃபர்கேட்டம்'னு பேனாவுல எழுதியிருந்துச்சு. நான் ஆயிரக்கணக்குல கொடுத்து வாங்கிக் கொன்னதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி, இலவசமா.

கலப்பினம் எப்படி வருது?

கலப்பினம்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர வேண்டியது கோயம்புத்தூர். 1912ல அங்க கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆரம்பிச்சாங்க. சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், 'வெள்ளை'ங்கிற கரும்பையும் நாணல் வகைக் காட்டுக் கரும்பையும் சேத்து, கோ 205ங்கிற கலப்பினத்தை உருவாக்கினாங்க. 1918ல வெளிவந்த அது வட இந்தியக் கரும்புக் காட்டையே மாத்துச்சு. அங்க ஒரு பூவோட மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவுல சேக்கலாம். யாரு அப்பா, யாரு அம்மான்னு நோட்டுல எழுதலாம்.

பெரணிக்குப் பூவே கிடையாது. விதை கிடையாது. அப்புறம் எப்படி? ஐரோப்பாக்காரங்க ரொம்ப நாளா இதுல குழம்பினாங்க. பெரணிக்கு விதை இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாது, அது கையில கிடைச்சா நாமளும் மறைஞ்சுடலாம்னு ஒரு நம்பிக்கையே இருந்துச்சு. ஜமைக்காவுல டாக்டரா இருந்த ஜான் லிண்ட்சே, இலைக்கு அடியில இருக்குற தூளை மண்ணுல தூவி, முளைக்குறதைக் காட்டினார். 1794ல அந்தக் கட்டுரை அச்சுல வந்துச்சு. அந்தத் தூள் நேரா பெரணியா முளைக்கல. முதல்ல நகம் அளவுகூட இல்லாத ஒரு பச்சைத் தகடு வருது. 1848ல போலந்துக்காரர் சுமின்ஸ்கி, அந்தத் தகட்டுலதான் ஆண் அணு தண்ணியில நீந்திப்போய் பெண் அணுவோட சேருதுன்னு கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம்தான் நாம பாக்குற பெரணி பிறக்குது.

அப்போ மான்கொம்புல கலப்பினம் பண்ணணும்னா, ரெண்டு இனத்தோட ஸ்போரையும் ஒரே தட்டுல தூவி, ஈரமா வச்சு, காத்திருக்கணும். நிறைய குட்டி வரும். அதுல எது சொந்த ஜாதி, எது கலப்புன்னு வளந்தப்புறம் இலையைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். சில கூட்டு சுலபமா நடக்கும். பைஃபர்கேட்டம், வில்லிங்கி, ஹில்லி, வீட்ச்சி எல்லாம் நெருங்கின சொந்தம். சிலது அபூர்வம். கொரோனாரியமும் ரிட்லியும் சேந்த ஒரு கலப்பினத்துக்கு தாய்லாந்து மலை ஒண்ணோட பேரு வச்சிருக்காங்க. இந்தக் குடும்ப மரத்தையெல்லாம் உக்காந்து ஒழுங்குபடுத்தினவங்கள்ல முக்கியமானவங்க லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்த பார்பரா ஜோ ஹோஷிசாகி. 1970கள்லேர்ந்து பெரணி வளக்குறவங்களுக்கு அவங்க கையேடுதான் பாடம்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். ஒரு கலப்பினத்தோட ஸ்போரைத் திரும்ப விதைச்சா, அதே செடி வரும்னு உத்தரவாதம் இல்ல. அதை அப்படியே காப்பாத்த, பக்கத்துல விடுற குட்டியைப் பிரிச்சுக் கொடுக்கணும், இல்ல ஆய்வகத்துல திசு வளர்ப்பு பண்ணணும். கரும்பும் அப்படித்தான். விதை போட்டு நடுறதில்ல, கரணை வச்சு நடுறோம். கோ 205 இலட்சக்கணக்கான ஏக்கர்ல நின்னாலும், அது கரணை மூலமா கை மாறின ஒரே செடிதான். அங்கிள் வாசல்ல இருந்ததும் அப்படித்தான். ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கொடுக்குற வரைக்கும்தான் அது இருக்கும். சீட்டு தொலைஞ்சா பேரு போச்சு. குட்டி கொடுக்கலன்னா செடியே போச்சு.

வீட்டுல கொதிச்ச பெரணி

இப்போ நான் சொல்லணும்னு நினைச்ச பகுதி. குட்டியைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு இறங்குறப்போ அம்மா போன் பண்ணாங்க. "ஏற்காட்டுலதானே இருக்க? ஆயாவுக்கு முடவாட்டுக்கால் ரெண்டு கிலோ வாங்கிட்டு வா."

சேலம், நாமக்கல் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். ஏற்காடு, கொல்லிமலை ரோட்டோரத்துல பழுப்பு ரோமம் மூடின கிழங்கைக் குவிச்சு வச்சு விப்பாங்க. பாக்க அப்படியே ஆட்டுக்கால் மாதிரி இருக்கும். மேல்தோலைச் சீவி, நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்கவிட்டா சூப். மூட்டுவலிக்கு நல்லதுன்னு நம்பிக்கை. முடவனையும் நடக்க வைக்கும், அதான் அந்தப் பேருன்னு சொல்றாங்க. மருத்துவ சான்றிதழ் நான் கொடுக்கல. ஆயாகிட்ட கேட்டா, "வலி அப்படியேதான் இருக்கு, சூப்பு நல்லாருக்கு"ன்னு சொல்வாங்க.

கடை போட்டிருந்தவங்க மலையாளி பழங்குடி அம்மா ஒருத்தங்க. கேரளா இல்ல, மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம். சேர்வராயன் மலையோட மக்கள். கிழங்குக் குவியல்ல ஒண்ணுல ஒரு இலை ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பழுப்பு நிறம், காஞ்சது, கிண்ணம் மாதிரி வளைஞ்சு கிழங்கை அணைச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள மக்கின சருகு.

எனக்கு ஒரு நிமிஷம் வாய் வரல. இது நான் பிச்சு எறிஞ்ச அதே கூடை.

"அம்மா, இது எங்க வளருது?"

"மரத்து மேல, பாறை மேல கண்ணு. மண்ணுல வராது."

முடவாட்டுக்கால் ஒரு பெரணி. நாம கிழங்குன்னு சொல்றது அதோட தண்டு. அறிவியல் பேரு டிரைனேரியா குவெர்சிஃபோலியா. மான்கொம்பு இருக்குற அதே பாலிபோடியேசி குடும்பம். ரெண்டு வகை இலை, ஒண்ணு ஸ்போர் விடுற பச்சை இலை, இன்னொண்ணு சருகு சேக்குற கூடை. ஆனா மான்கொம்பும் இதுவும் இந்தக் கூடை வித்தையை ஒண்ணுகிட்டேர்ந்து ஒண்ணு கத்துக்கல. ஒரே குடும்பத்தோட வெவ்வேற கிளைகள், ஒரே பிரச்சினைக்குத் தனித்தனியா ஒரே விடையைக் கண்டுபிடிச்சிருக்கு. மண்ணு இல்லாத இடத்துல மண்ணு செஞ்சுக்குறது எப்படிங்கிற பிரச்சினை.

பேரு விஷயத்துக்குத் திரும்ப வாங்க. 1753ல லின்னேயஸ் இதுக்கு வச்ச பேருல 'குவெர்சிஃபோலியா'ன்னா ஓக் இலை. ஐரோப்பாக்காரர் காகிதத்துல ஒட்டி வச்ச இலையைப் பாத்தார், ஓக் ஞாபகம் வந்துச்சு. நம்ம ஆளுங்க சட்டியில போடுறதைப் பாத்தாங்க, ஆட்டுக்கால் ஞாபகம் வந்துச்சு. ஆனா லின்னேயஸுக்கு முன்னாடியே இது அச்சுல ஏறியாச்சு. 1678லேர்ந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல 12 தொகுதிகளா வந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்'ல, கடைசித் தொகுதியில, 'பன்ன கெளங்கு மரவர'ன்னு இருக்கு. பன்னம்னா பெரணி, கெளங்கு நம்ம கிழங்குதான். மரத்துல ஒட்டி வளர்ற செடிகள் நிறையத்துக்கு அந்தப் புத்தகம் 'மரவர'ன்னு சேத்துச் சொல்லுது. தொகுத்தவர் கொச்சியோட டச்சு ஆளுநர் வான் ரீடே. ஆனா அவர் ஒரு நல்ல காரியம் பண்ணார். தகவல் சொன்ன இட்டி அச்சுதன்ங்கிற ஈழவ வைத்தியர் 1675ல கொடுத்த சான்றையும் அவர் எழுத்துலேயே முதல் தொகுதியில அச்சடிச்சார். உள்ளூர்க்காரர் பேரு புத்தகத்துக்குள்ள வந்தது அப்படித்தான்.

இன்னொரு உதாரணம். 19ஆம் நூற்றாண்டுல சென்னை மாகாணத்துல ராபர்ட் வைட்டுக்குத் தாவர ஓவியம் வரைஞ்சவங்க ரங்கையாவும் கோவிந்துவும். 1853ல வைட் ஒரு ஆர்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயியா'ன்னு ஓவியர் பேரையே வச்சார். பின்னாடி அந்தப் பேரினம் வேற ஒண்ணுக்குள்ள சேந்துடுச்சு, இப்போ அது புழக்கத்துல இல்லாத பேரு. அறிவியல் விதிப்படி அது சரிதான். ஆனாலும் கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு.

ரெண்டு கிலோ

அந்த அம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். "கிழங்கை வெட்டினா திரும்ப வளருமா?"

"நுனியை மரத்துலயே விட்டுட்டு வெட்டணும் கண்ணு. எங்க மாமியா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு மரத்துல எடுத்தா அடுத்த தடவை அந்த மரத்துக்குப் போகக் கூடாது. இப்ப சனி ஞாயிறு கூட்டத்துக்குப் பத்த மாட்டேங்குது. யாராரோ வந்து மொத்தமா உரிச்சிட்டுப் போறாங்க."

அவங்க சொன்னது தாவரவியல்படி சரி. படர்ற தண்டோட நுனியிலதான் வளர்ச்சி இருக்கு. நுனி போனா அந்தக் கிளை நின்னுடும். முழுசா உரிச்சா கூடையும் போச்சு, அந்தக் கூடையில சேந்த மக்கும் போச்சு, அதுல குடியிருக்குற எறும்பு, பூச்சி எல்லாம் போச்சு.

நான் ரெண்டு கிலோ வாங்கினேன். நல்லவன் மாதிரி பேசிட்டு வாங்காம வந்தேன்னு சொல்ல ஆசைதான், ஆனா வாங்கினேன். ஆயாவுக்கு வேணும், அந்த அம்மாவுக்கும் அன்னைக்கு வியாபாரம் வேணும். ஆனா பஸ்ல மடியில ரெண்டு பையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணுல வெளிநாட்டுக் கலப்பினம், வாழைச்சருகு சுத்தி, சாயாம பாத்துக்கிட்டு வர்றேன். இன்னொண்ணுல இந்த மலையோட சொந்தப் பெரணி, கிலோக்கணக்குல. ரெண்டும் சொந்தக்காரங்க. ஒண்ணுக்கு லேபிள், இன்னொண்ணுக்குத் தராசு. எது எதுக்குன்னு முடிவு பண்ணது செடி இல்ல, நாமதான்.

ஏற்காட்டுல இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட தேசிய ஆர்கிட் தோட்டம் இருக்கு. 1960கள்லேர்ந்து இயங்குது. மரத்துல ஒட்டி வாழுற செடிகளையும், சேர்வராயன் மலையோட பேரைத் தாங்குற வெர்னோனியா சேர்வராயென்சிஸ் மாதிரி அருகிப்போன மரங்களையும் காப்பாத்துறது அவங்க வேலை. அடுத்த தடவை போறப்போ பஜ்ஜிக்கு அப்புறம் ஒரு மணி நேரம் அங்க ஒதுக்குங்க.

கடைசியா, வளக்குறவங்களுக்கு

என் குட்டி இப்போ ஒண்ணரை வயசு. சேலத்துல அம்மா வீட்டு வராண்டாவுல, சில்வர் ஓக் பலகையில இருக்கு. செத்த செடிகிட்ட கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

பலகையில தேங்காய் மட்டை நாரை வச்சுக் கட்டுங்க. நாரை ரெண்டு மூணு நாள் தண்ணி மாத்தி ஊறவச்சு உப்பை எடுத்துடுங்க. தூண்டில் நரம்பால கட்டினா கண்ணுக்குத் தெரியாது, மக்காது. நடு மொட்டை மட்டும் நார் மூடக் கூடாது. காலை வெயில் நல்லது, உச்சி வெயில் வேண்டாம். தண்ணி ஊத்த நாள் கணக்கு வச்சுக்காதீங்க, பலகையைத் தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா விட்டுடுங்க, லேசா இருந்தா வாளித் தண்ணியில 10 நிமிஷம் முக்கி, வடியவிட்டு மாட்டுங்க. மார்கழியில குறைங்க. வளர்ற காலத்துல மாசத்துக்கு ஒரு தடவை ரொம்ப நீர்த்த உரம் போதும். கவச இலை பழுப்பானா கொண்டாடுங்க, பிக்காதீங்க. வெள்ளை ரோமத்தைத் துடைக்காதீங்க. சமவெளி வெயில்ல காத்தோட்டம் இல்லாத பால்கனி வேண்டாம்.

கலப்பினமா இருந்தா, பெற்றோர் பேரையும், உங்களுக்குக் கொடுத்தவர் பேரையும், தேதியையும் பலகைக்குப் பின்னாடி எழுதுங்க. நான் எழுதிட்டேன். குட்டி விட்டா ஒருத்தருக்குக் கொடுங்க. எனக்கு முதல் குட்டி போன மாசம் எட்டிப் பாத்துருக்கு.

முடவாட்டுக்கால் வாங்கப் போனா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நுனியை விட்டு வெட்டினதா?" பதில் தெரிஞ்சவங்ககிட்ட வாங்குங்க. தேவைக்கு மட்டும் வாங்குங்க. நான் வாங்கின ரெண்டு கிலோவுல, நுனியோட இருந்த ஒரு துண்டை மட்டும் அம்மாகிட்டேர்ந்து காப்பாத்தி, வாசல் வேப்பமரத்துல கட்டி வச்சேன். ஆறு மாசம் ஒண்ணுமே ஆகல. அம்மா தினமும், "அதை எடுத்து சூப்பு வச்சிருக்கலாம்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு இலை வந்துச்சு. பச்சைக் கொடி இலை இல்ல. முதல்ல வந்தது கூடைதான்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம். அதுவரைக்கும், எதையும் அவசரப்பட்டுப் பிச்சு எறியாதீங்க.